சரிபார்த்த டேப்புகள்

ஆகஸ்ட் 3, திங்கள்

சேனலை மூடுவது உறுதியாகிவிட்டது. காலையில் எல்லோரையும் நியூஸ் ஸ்டூடியோவில் நிற்கவைத்து அட்மின் மேனேஜர் நந்தகோபால் அறிவித்தார். நிறையப் பேர் அழுதார்கள். மேக்கப் போட்டிருந்தவர்கள் மட்டும் அழாமல் சமாளித்தார்கள். அவர்களுக்குப் பதினொரு மணிச் செய்தி பாக்கி இருந்தது.

எனக்கு மாதக் கடைசிவரை வேலை உண்டு. சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து எடுத்தது, ஒளிபரப்பியது, ஒளிபரப்பாமல் கிடப்பது எல்லாம் சர்வரில் இருக்கின்றன. சர்வர்கள் வாடகைக்கு எடுத்தவை. வாடகைக் கம்பெனி வந்து தூக்கிக்கொண்டு போவதற்குள் அத்தனையையும் டேப்பில் ஏற்ற வேண்டும். டேப்புகள் அம்பத்தூர் கோடவுனுக்குப் போகும். அதன்பிறகு எலிகளின் பொறுப்பு.

"உங்கள விட்டா இதுக்கு ஆள் இல்ல கலியமூர்த்தி சார்" என்றார் நந்தகோபால். உண்மைதான். இந்த வேலை தெரிந்த மற்றவர்கள் முன்பே விஷயம் தெரிந்து வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

டேப் எழுதிக்கொண்டிருந்த பழைய மெஷின் போன மழையில் புகைந்துவிட்டது. டேப் ஓடும் டிரைவைக் கழற்றி ஒரு புது வாடகை மெஷினில் மாட்டினேன். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்திருக்கும் என்னுடைய ஸ்கிரிப்டை அப்படியே கொண்டுவந்து போட்டேன்.

ஃபோல்டரை மூட்டை கட்டி டேப்பில் எழுதும் கட்டளைக்கு டார் என்று பெயர். படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து என்டர் தட்ட வேண்டும். இதைப் பார்த்தாலே இப்போதைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்கட்டும். ஒரு டேப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை மூட்டை வேண்டுமானாலும் எழுதலாம், இடம் இருக்கும்வரை. ஒவ்வொன்றையும் எழுதியதும் டேப்பை அந்த மூட்டையின் தலைக்குக் கொண்டுபோய், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று திருப்பிப் படித்துப் பார்ப்பேன். படிக்காமல் நான் எதையும் அழித்ததில்லை. இந்த வேலையில் சேர்ந்த நாள்முதல் என் கையில் ஒரு ஃபைல் தொலைந்ததில்லை. பெருமைக்காக எழுதவில்லை, தகவலுக்காக.

சோதனைக்கு ஒரு ஃபோல்டர் எழுதினேன். படித்தேன். சரியாக இருந்தது. எழுதி முடித்ததும் டிரைவ் நீளமாக ஒரு சத்தம் போடுகிறது. அதற்கும் வயதாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, வியாழன்

சர்வர் ரூமுக்குள் டீ கொண்டுவரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜெபக்கனி டீயோடுதான் வந்தாள். நான்கு வருடமாக அப்படித்தான் வருகிறாள். தூத்துக்குடிப் பெண், ரிப்போர்ட்டர். அவளே ஷூட் செய்து அவளே எடிட் பண்ணிக்கொள்வாள், யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்காது.

"சார், என் ஃபோல்டர முதல்ல ஏத்திருங்க."

"எழுத்து வரிசைப்படிதான் ஏத்துவேன். எல்லாம் தயாரா அடுக்கியாச்சு."

"எனக்காவக் கேக்கல சார். கேசுக்குக் கேக்கேன். தோத்தா உள்ள போவணும்."

அவளுடைய கேஸ் ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஒரு பேரூராட்சியில் குடிநீர்த் தொட்டி கட்டிய வேகத்தில் இடிந்து விழுந்தது. அடியில் இருந்த ரேஷன் கடைக்கு அன்று விடுமுறை என்பதால் கீழே ஆள் இல்லை. கட்டிய இடத்தில் மேஸ்திரியாக இருந்த துரைக்கண்ணு என்பவரை இவள் பேட்டி எடுத்தாள். தூண்களில் பாதிக் கம்பிதான் போட்டோம் என்று அவர் சொன்னது ஒளிபரப்பானது. காண்ட்ராக்டர் அவதூறு வழக்குப் போட்டார். வேறு எதற்கோ சொன்ன பதிலை வெட்டி இந்தக் கேள்விக்கு ஒட்டிவிட்டாள் என்பது அவர் வாதம். துரைக்கண்ணுவும் இப்போது அதையே சொல்கிறார். வெட்டாத முழுப் பேட்டி ஒன்றுதான் ஜெபக்கனியின் கையில் இருக்கும் சாட்சி.

"வரிசை வரிசைதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டீ கிளாஸை டிரைவ் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

காலையில் வேறு ஃபோல்டர் எதுவும் தயாராக இல்லாததால் ஜெபக்கனியின் ஃபோல்டரை முதல் டேப்பில் ஏற்றினேன்.

எழுதியதைப் படித்தேன், சரி. வழக்கமாக ஒரு வீடியோவைத் திருப்பி இறக்கி ஓட்டிப் பார்ப்பேன், படம் ஓடுகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். இதைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறக்க சாயங்காலம் ஆகிவிட்டது.

துரைக்கண்ணு தன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சட்டையில் மேல் பித்தான் இல்லை. ஜெபக்கனி படத்தில் தெரியவில்லை, குரல் மட்டும். "ஒரு தூணுக்கு எவ்வளவு கம்பி போடச் சொல்லியிருந்துச்சு, நீங்க எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. நிறுத்துகிறார். மறுபடியும் விசில். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். "பருப்பு வேவுது" என்கிறார். விசில் அடங்கியதும் சிரிப்பும் போய்விடுகிறது. கையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "பாதி. பாதிதான் போட்டோம். எனக்குச் சொன்னதே அவ்வளவுதான்."

ஒளிபரப்பில் விசிலை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் படம் ஒரு துள்ளு துள்ளும். காண்ட்ராக்டரின் வக்கீல் பிடித்துக்கொண்டு தொங்குவது அந்தத் துள்ளலைத்தான். நானாக இருந்தால் விசிலை விட்டிருப்பேன்.

அவள் இந்தப் பேட்டியை நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள். அவசரப்படுத்தவே இல்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

வேலையை விட்டுப் போகிறவர்கள் ஆபீஸ் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழித்துத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். துடைப்பதும் என் வேலைதான். ஜெபக்கனி லேப்டாப்பைக் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுல முழுப் பேட்டியும் ஒரு காப்பி இருக்கு சார். பென் டிரைவ்ல போட்டுக்கிடவா?"

"கம்பெனி சொத்து வெளிய போகக் கூடாதும்மா. கோர்ட்டு கேட்டா கம்பெனி டேப்லேந்து எடுத்து முறைப்படி குடுக்கும். அதுதான் கேசுக்கும் நல்லது."

"டேப்ல பத்திரமா இருக்குமா சார்?"

"நான் ஏத்துன டேப்பு. எமனே வந்தாலும் எடுக்க முடியாது."

கொடுத்துவிட்டாள். அவள் கண் முன்னாலேயே துடைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றாள். வேண்டுமென்றே மெதுவாக டீ குடித்தாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 12, புதன்

முதல் டேப்பில் மிச்சமிருந்த இடத்தில் ராசிபலன் நிகழ்ச்சிகளைப் போட்டேன். எட்டு வருட ராசிபலன். ஒரு ராசிக்கும் சேனல் மூடப்படும் என்று சொல்லவில்லை. அட்டையில் எல்லா ஃபோல்டர் பெயரையும் எழுதி ஒட்டி டேப்பை மூடினேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

இரண்டாவது டேப். மழை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

சிறுசேரியில் ஒரு வங்கியின் டேட்டா சென்டரில் இன்டர்வியூ. என்னைவிட ரொம்பச் சின்னவர்கள் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "உங்க கரியர்ல டேட்டா லாஸ் ஏதாவது ஆகியிருக்கா சார்?"

"ஒரு பைட் கூட இல்ல" என்றேன்.

அதைக் கேட்டதும் மூவரும் குனிந்து எழுதினார்கள். அக்டோபர் முதல் தேதி சேரலாம் என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே மெயில் வந்துவிட்டது. மனைவி வேதவல்லியிடம் சொன்னேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா" என்றாள். அவளும் பயந்துபோய் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பயப்படவில்லை.

ஆகஸ்ட் 28, வெள்ளி

எல்லா டேப்பும் முடிந்தது. சர்வர்களைத் துடைத்தேன். டேப் மெஷினை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாடகைக் கம்பெனி ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். அவை நின்ற இடத்தில் தரை மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

செப்டம்பர் 2, புதன்

கோடவுன் லாரி இன்னும் வரவில்லை. டேப்புகளுக்குக் காவலாக என்னை இன்னும் சில நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெபக்கனியின் வக்கீல் ரெங்கநாயகியிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம். முழுப் பேட்டியின் நகல் வேண்டுமாம். "எடுத்துக் குடுத்துருங்க சார்" என்றார் நந்தகோபால். நாளைக்கு எடுக்கலாம். அரைமணி நேர வேலை.

செப்டம்பர் 3, வியாழன்

டேப்பில் இல்லை.

செப்டம்பர் 4, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதல் டேப்பைப் போட்டுப் பட்டியல் கேட்டேன். ராசிபலன் வந்தது. கடைசியாக எழுதியது எப்படி முதலில் வரும் என்று நினைத்தேன். அடுத்த மூட்டைக்குப் போ என்றேன். இதற்குமேல் எதுவும் இல்லை என்றது. டிரைவில் அழுக்கு என்று சுத்தம் செய்யும் டேப்பைப் போட்டு எடுத்தேன். மறுபடியும் மேஷ ராசி. இரண்டாவது டேப்பைப் போட்டேன். அதிலும் கடைசியாக எழுதிய ஒன்று மட்டும். மூன்றாவதும் அப்படித்தான். அதற்குமேல் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒரு பெயர் சொல்லி எழுதினால், முடிந்ததும் அந்த இடத்திலேயே நிற்கும், அடுத்த மூட்டை அதன் பின்னால் ஏறும். இன்னொரு பெயர் சொல்லி எழுதினால், முடிந்ததும் டேப்பை முழுக்கச் சுற்றி ஆரம்பத்துக்குப் போய்விடும். அடுத்த மூட்டை முதல் மூட்டையின் மேலேயே ஏறி அதை அழித்துவிடும். பழைய மெஷினில் நிற்கும் பெயரை நான்தான் ஒருமுறை அமைத்துவைத்தேன். அப்புறம் அதை நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. புது மெஷினில் யாரும் அமைக்கவில்லை. யாரும் என்றால் நான்.

அந்த நீளமான சத்தம் டேப் ஆரம்பத்துக்குச் சுற்றும் சத்தம்.

ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்தேனே என்று கேட்டுக்கொண்டேன். படித்தேன்தான். எழுதியதன் தலைக்குப் போ என்றேன். அது ஏற்கனவே தலையில்தான் நின்றது. பின்னால் போக இடமில்லை என்று முனகியிருக்கும். அந்த முனகலைத் திரையில் காட்டாதே என்று ஸ்கிரிப்டில் எப்போதோ நானே எழுதியிருக்கிறேன், பார்க்க எரிச்சலாக இருக்கிறதென்று. ஆக, தப்பு நடந்ததால்தான் ஒவ்வொரு சோதனையும் சரியாக வந்திருக்கிறது.

பெங்களூரில் டேப் மீட்கும் கம்பெனி ஒன்றுக்கு போன் செய்தேன். மேலே எழுதிவிட்டால் எழுதியதுதான் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

லேப்டாப்பை அவள் கண் முன்னால் துடைத்தது திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, சனி

நந்தகோபாலிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"அப்ப யாருக்கும் தெரியாது. டேப் பழுதாயிடுச்சுன்னு வக்கீலுக்கு ஒரு லெட்டர் குடுத்துடலாம். மத்ததெல்லாம் கோடவுனுக்குப் போகட்டும். எந்தக் காலத்துல யார் எடுத்துப் பாக்கப் போறா? நீங்க பேங்க்ல சேரணும், நான் வேற எடத்துல சேரணும். கெட்ட பேரோட எங்க போய் சேர்றது?"

அவர் சொன்னதில் ஒன்றும் தப்புத் தெரியவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் வேதவல்லிக்கு வெண்டைக்காய் வாங்க மறந்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரசம் வைத்தாள்.

செப்டம்பர் 7, திங்கள்

ஜெபக்கனியை வரச் சொன்னேன். வடபழனி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஹோட்டல். இரண்டு பேருக்கும் டீ சொன்னேன். அவள் தொடவில்லை.

சொன்னேன். டிரைவுக்கு இரண்டு பெயர் இருப்பதிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"சார், எனக்கு அது வெளங்காது. பேட்டி இருக்கா, இல்லியா?"

"இல்ல."

"எங்கயுமே?"

"எங்கயுமே இல்ல."

பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "பென் டிரைவ் பையிலதான் சார் வச்சிருந்தேன். நீங்க சொன்னீங்கன்னு பேசாம இருந்தேன்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 9, புதன்

வக்கீல் ரெங்கநாயகி அம்மா கூப்பிட்டார். ஹைகோர்ட்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ். ஜெபக்கனியும் இருந்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த முழுப் பேட்டிய இவளத் தவிர வேற யாராவது பாத்திருக்காங்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"நான் பாத்தேன்."

ஜெபக்கனி திரும்பினாள். "நீங்களா? நீங்க ஏன் சார் பாத்தீங்க?"

"சரிபார்க்க."

"முழுசாவா?" என்றார் வக்கீல்.

"முழுசா." பித்தான், குக்கர் விசில், பருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விளக்கினார். ஆவணம் தொலைந்துபோனால், அதைக் கண்ணால் பார்த்தவர் அதில் என்ன இருந்தது என்று சாட்சி சொல்லலாம். ஆனால் அது உண்மையாகவே தொலைந்தது, ஒளித்துவைக்கப்படவில்லை என்று முதலில் கோர்ட் நம்ப வேண்டும்.

"டேப் பழுதுன்னு கம்பெனி லெட்டர் தரலாங்கறாங்க" என்றேன்.

"அந்தப் பக்கம் டேப்ப சோதிக்கணும்பாங்க. டேப் நல்லாருக்கும். நாங்களே ஒளிச்சுட்டோம்னு ஆகிடும், இவ கதை அதோட முடிஞ்சுது. எப்படிப் போச்சுன்னு நீங்கதான் கூண்டுல ஏறி சொல்லணும் சார். உங்க தப்ப நீங்களே, பேரோட. பத்திரிகைக்காரங்க எல்லாம் இருப்பாங்க. அவங்க ஆளு மேல போட்ட கேசு, விடமாட்டாங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 12, சனி

வேதவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேங்க் வேலை போய்விடும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் தட்டைக் கழுவினாள். பிறகு, "அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போனா, நீங்க தினம் சிறுசேரி போயிட்டு வந்து எங்கிட்ட என்ன பேசுவீங்க?" என்று கேட்டாள். "எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு வருஷம் இருக்கு. ஓட்டிக்கலாம். நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு வீட்டுக்குள்ள சுத்துறத மட்டும் என்னால பாக்க முடியாது."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் சுற்றவில்லை. ஆனாலும் அவள் சொன்னது நன்றாக இருந்தது.

செப்டம்பர் 14, திங்கள்

பேங்குக்கு நானே போன் செய்து சொன்னேன். அந்த நடு ஆள்தான் எடுத்தார். இன்டர்வியூவில் சொன்னது அப்போது உண்மை என்று நினைத்துச் சொன்னேன், இப்போது உண்மை இல்லை என்றேன். "சொன்னதுக்கு தேங்க்ஸ் சார், நாங்க கூப்பிடறோம்" என்றார். கூப்பிடமாட்டார்கள். நானாக இருந்தாலும் கூப்பிடமாட்டேன்.

வக்கீல் ஆபீஸில் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். நந்தகோபாலுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அவர் பதில் அனுப்பவில்லை.

நவம்பர் 11, புதன்

வழக்குத் தள்ளிவைப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். முதலாளிக்கு என்னைவிட வயது குறைவு, என்னை அங்கிள் என்கிறார்.

ஜனவரி 20, புதன்

கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். பின் பெஞ்சில் பழைய சேனல் ஆட்கள் நிறையப் பேர், இப்போது வேறு வேறு சேனலின் மைக்கோடு வந்திருந்தார்கள். சிலர் எனக்குக் கையசைத்தார்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ரெங்கநாயகி அம்மா கேட்கக் கேட்கச் சொன்னேன். மாஜிஸ்திரேட் இடையில் நிறுத்தி, "ஒவ்வொரு தடவையும் செக் பண்ணேன்னு சொல்றீங்க. ஒரு தடவகூடத் தெரியலையா?" என்றார்.

"அப்ப எழுதினத மட்டுந்தான் பாத்தேன்மா. அதுக்கு முன்னால எழுதினது இருக்கான்னு ஒரு தடவகூடப் பாக்கல."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். யார் என்று பார்க்கவில்லை. முகம் சுட்டது. பேட்டியில் பார்த்ததைச் சொன்னேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் என்ன இருந்தது, ஒளிபரப்பில் எது போயிற்று என்று சொன்னேன். காண்ட்ராக்டர் தரப்பு நாற்காலியில் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். பருப்பு என்ற வார்த்தை வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டதை மாஜிஸ்திரேட்டும் பார்த்தார்.

காண்ட்ராக்டரின் வக்கீல் எழுந்தார். பெரிய ஆள், சத்தம் போடாமல் பேசுகிறவர்.

"எத்தன வருஷ சர்வீஸ் சார்?"

"முப்பது ஆகப்போவுது."

"அத்தன வருஷமும் டேப்பு வேலைதான்?"

"ஆமா."

"ஒரு சேனலோட மொத்த சரக்கையும் நீங்களே அழிச்சிருக்கீங்க. லேப்டாப்பையும் நீங்களே அழிச்சிருக்கீங்க. எங்ககிட்ட கேட்டா, மறைக்கறதுக்காக அழிச்சீங்கன்னு சொல்லுவோம். அது இல்லன்னு நீங்க சொன்னா ஒண்ணுதான் மிச்சம். உங்களுக்கு வேலை தெரியாது. எதுன்னு நீங்களே சொல்லுங்க. வேலை தெரியாதுன்னு எழுதிக்கலாமா?"

பின் பெஞ்சில் பேனாக்கள் நின்றன. ஜெபக்கனி முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். ஸ்டெனோ விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எழுதிக்கோங்க சார்" என்றேன். "எனக்கு வேலை தெரியல. ஆனா அவர் சொன்னத நான் பாத்தேன்."

ஸ்டெனோ இரண்டையும் தட்டிக்கொண்டார்.